விளக்குக்கு வாங்கிய நெய்

எடை பார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன் காலணிகளைக் கழற்றினேன். பிறகு பெல்ட்டை. பிறகு கைக்கடிகாரம், பர்ஸ், கைத்தொலைபேசி, வீட்டுச் சாவிக்கொத்து, பேருந்து அட்டை. மூக்குக்கண்ணாடியையும் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி சரோஜாவின் மடியில் வைத்தேன். சட்டைப் பொத்தானில் கை போனதும் மிஸ் டான் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

“அங்கிள், இனாஃப் லா! ஷர்ட் எல்லாம் வேண்டாம்!”

மருத்துவமனையில் சிறுநீரக தானம் செய்ய வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலர் இந்த மிஸ் டான். சரோஜாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த காலம் அது. என்னுடையதில் ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். ரத்தம் பொருந்தியது. மற்ற பரிசோதனைகளும் ஒவ்வொன்றாகத் தேறின. குறுக்கே நின்றது என் தொப்பை ஒன்றுதான். இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு உங்களை அறுவை மேசையில் படுக்கவைக்க மாட்டோம், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று மருத்துவர் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். குறையாவிட்டால் கொடையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். சரோஜா முகம் தெரியாத யாருடைய சிறுநீரகத்துக்காகவோ வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

கருவியில் ஏறி நின்றேன். கண்ணாடி இல்லாததால் எண் தெரியவில்லை. மிஸ் டானின் முகம் மட்டும் தெரிந்தது.

“ஏறியிருக்கா?” என்று கேட்டாள் சரோஜா.

“கொஞ்சம்” என்றார் மிஸ் டான்.

“சரி விடுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி உடம்பா?”

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அவள் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வேறு செய்தாள். நான் துவண்டு போயிருப்பதைப் பார்த்துத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோளாறு தலைக்குள்ளாம்

சரக்குக் கிடங்கில் நான் மேற்பார்வையாளராக உட்கார்ந்து உட்கார்ந்தே நாற்காலி தேய்ந்த கதையைச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில் என் தொப்பையைப் பற்றியும் ஒரு வரி வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்கு எத்தனை அறிவுரைகள்! ஒருவர் வெந்தயம் என்கிறார். ஒருவர் வெந்நீர் என்கிறார். முக்கால்வாசிப் பேர், “எல்லாம் மனசுலதான் சார் இருக்கு” என்கிறார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறும். அது ஏன் என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் இதை ஆரம்பித்து வைத்தவள் என் மகள் யாழினி. செங்காங்கில் இருக்கிறாள். ஒரு நிறுவனத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. அந்தப் பயிற்சியை எனக்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தாள்.

“அப்பா, இட்ஸ் ஆல் மைண்ட்செட் பா. உங்க பாடி ரெடியாத்தான் இருக்கு. மைண்ட்தான் ரெடியா இல்ல.”

“நான் ரெடியாத்தானே நடக்கிறேன்?”

“நடந்தா பத்தாதுப்பா. நீங்க ஆல்ரெடி மெலிஞ்சிட்டதா ஃபீல் பண்ணணும். காலையில மிரர் முன்னாடி நின்னு, என்னால முடியும்னு சொல்லுங்க. சும்மா சொல்லாம, நம்பிச் சொல்லுங்க.”

மகள் சொல்கிறாளே என்று ஒருநாள் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, “என்னால் முடியும்” என்று சொல்லிப் பார்த்தேன். வெளியிலிருந்து சரோஜா, “என்னங்க முடியும்? யார்கிட்ட பேசுறீங்க?” என்றாள். அதோடு அந்தச் சிகிச்சை முடிந்தது.

பிறகு சமூக மன்றத்தில் ஒரு பயிலரங்கு. யாழினிதான் பெயர் கொடுத்திருந்தாள். புத்தம் புதிய காலணி அணிந்த ஓர் இளைஞர் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்தபடி எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். உங்கள் இலக்கைப் பாருங்கள், அதன் நிறத்தைப் பாருங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது இருட்டுத்தான். கண்ணைத் திறந்தால், பின்னால் மேசையில் தேநீர் இடைவேளைக்கு வறுத்த பீ ஹூன் சேமியாவும் கறிபஃப்பும் ஆவி பறக்க வந்து இறங்கியிருந்தன. இலக்கின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்றோம்.

உணவு ஆலோசகரிடம் பட்ட பாடு வேறு. “ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெண் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். அப்படியானால் இரவில் வயிற்றுக்கு என்ன என்று கேட்டார். “சும்மா டிபன்தான். நாலு தோசை, கொஞ்சம் சட்னி, பொடி” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எங்கள் வீடுகளில் சோறு சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு, மற்றதெல்லாம் சும்மா என்பதை அவருக்கு எந்தப் பாடத்திட்டத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அன்றோடு தோசையும் போயிற்று. இரவுக்கு இரண்டு சப்பாத்தி, காலையில் ஓட்ஸ் கஞ்சி, காப்பிக்கடையில் சர்க்கரை இல்லாத கோப்பி என்று ஏற்பாடாயிற்று.

நடை

எனக்கு மதிய ஷிஃப்ட். காலை நேரம் முழுக்க என் கையில். தோ பாயோவிலுள்ள எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கி, பாலஸ்டியர் வழியாகச் சிராங்கூன் சாலை வரை நடப்பேன். பாதி வழியிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மல்லிகைச் சரமும் சாம்பிராணியும் மணக்கத் தொடங்கினால் தேக்கா வட்டாரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

நடை கோயிலில் முடியும். அங்கேதான் அடுத்த சோதனை. தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை வைத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழனால் முடியும்? மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சாமியிடம் வேண்டிக்கொண்டு திரும்பிய கையோடு அந்தச் சாமியின் பிரசாதத்தை மறுக்க எனக்கு நெஞ்சுரம் இல்லை. ஒரு தொன்னைதானே என்று சாப்பிட்டுவிடுவேன். எடை குறையாததற்குக் காரணம் இதுதான் என்று நெடுநாள் சாமியையே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அங்கிருந்து சந்தைக்குப் போய்க் காய், மீன் வாங்குவேன். கிளம்பும்போதே சரோஜா சொல்லி அனுப்பியிருப்பாள்.

“என்னங்க, வரும்போது நெய் ஒரு டின். சாமி விளக்குக்கு.”

உடம்பு முடியாமல் போனதிலிருந்து அவளுக்குப் பக்தி கூடியிருந்தது. வீட்டில் நோய் என்று வந்துவிட்டால் வேண்டுதலும் கூடத்தானே செய்யும்? நான் கேள்வி கேட்டதில்லை. ஒரு டின் தீர்ந்து அடுத்தது, அது தீர்ந்து அதற்கடுத்தது என்று வாங்கிக்கொண்டே இருந்தேன். “அண்ணே, வீட்டுல தினமும் ஹோமமா?” என்று கடைக்காரர்கூட ஒருமுறை கேட்டார். அந்த டின்னைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பவும் நடந்தே வருவேன். சுமையோடு நடந்தால் இன்னும் கொஞ்சம் கொழுப்பு கரையுமாம். யாழினி அனுப்பிய காணொளி ஒன்றில் சொன்னார்கள்.

காத்தோங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போன கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து முகம் சற்று வற்றியிருந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “என்னப்பா, இளைச்சுட்டே? சுகரா?” நம் ஆட்களிடம் இதுதான் தொல்லை. குண்டாக இருந்தால் குறை என்பார்கள், இளைத்தால் நோய் என்பார்கள். பக்கத்தில் நின்ற அண்ணி என் இலையில் இரண்டு ஜாங்கிரியை வைத்துவிட்டு, “சாப்பிடுங்க தம்பி, பார்க்கவே பாவமா இருக்கு” என்றார். சிறுநீரக விஷயத்தை நாங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் ஜாங்கிரியோடு ஆளுக்கொரு மருத்துவரின் பெயரையும் இலையில் வைத்திருப்பார்கள்.

அமிர்தம் போல ஒரு கஞ்சி

இத்தனை தொல்லைக்கு நடுவே ஒரே ஆறுதல் சரோஜாவின் கைப்பக்குவம். ஓட்ஸ் கஞ்சி என்றால் வாயில் வைக்க விளங்காது என்று ஊரே சொல்கிறது. எங்கள் வீட்டில் அது அமிர்தமாக இருந்தது. கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவேன். சப்பாத்தியை விரலால் தொட்டாலே பிய்ந்து வரும். கீரை மசியல் பளபளவென்று இருக்கும்.

“என்ன சரோ போடுறே இதுல? டயட் சாப்பாடு மாதிரியே இல்லையே.”

“ஓட்ஸ்தாங்க. கை மணம்.”

கிடங்கில் கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். பத்தியச் சாப்பாட்டை இப்படி ருசியாகச் செய்துபோட எத்தனை பேருக்கு மனைவி வாய்ப்பாள்?

அவள் சாப்பாடோ வேறு. உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, நீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்த நீரையும் கொட்டித்தான் சாப்பிடுவாள். வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடாது. குடிக்கிற தண்ணீரையும் சின்னக் குவளையில் அளந்து வைத்திருப்பாள். தனக்கு இத்தனையையும் அளந்தவள் என் தட்டில் மட்டும் அளவே பார்க்க மாட்டாள். தன்னால் ருசித்துச் சாப்பிட முடியாத ஏக்கத்தை எனக்குப் பரிமாறித் தீர்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அதனால் இன்னொரு கரண்டி போடும்போது கையைத் தடுக்க மனம் வராது.

இப்படியாக மாதங்கள் போயின. நான் நடந்தேன், மூச்சு வாங்கினேன். அடுக்குமாடிக்குக் கீழே உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும் மூலையில் சீனப் பாட்டிகளோடு சேர்ந்து கையைக் காலை ஆட்டினேன். எடை அசையவில்லை. மிஸ் டானின் அறையில் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகக் கழற்றினேன். அப்போதும் அசையவில்லை. “அப்பா, நீங்க உள்ளுக்குள்ள கமிட் ஆகலைன்னு நினைக்கிறேன்” என்றாள் யாழினி. எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது.

நின்றுபோன ரீங்காரம்

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகச் சரோஜாவின் இடது கையில் அறுவை செய்து ஒரு ரத்த நாளத்தைத் தடிக்கவைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது ஒரு ரீங்காரம் போலத் தெரியும். அது இருந்தால்தான் நாளம் வேலை செய்கிறது என்று பொருள். தினமும் காலையில் கோப்பி குடிக்கும்போது அவள் கையை நீட்டுவாள், நான் விரல் வைத்துப் பார்ப்பேன். எங்களுக்கு அது ஒரு பழக்கமாகியிருந்தது.

ஒரு காலை விரல் வைத்தேன். ஒன்றும் இல்லை. விரலை நகர்த்தினேன். அழுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோப்பியை அப்படியே வைத்துவிட்டு டாக்சி பிடித்து ஓடினோம்.

நாளம் அடைத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு, பிறகு அடைப்பை எடுத்தார்கள். இந்த முறை சரியாகிவிட்டது, அடுத்த முறை ஆகும் என்று சொல்ல முடியாது, எவ்வளவு சீக்கிரம் மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்றார் மருத்துவர். சில நாள் அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் தனியாக இருந்த முதல் காலை, ஓட்ஸை நானே செய்தேன். பொட்டலத்தில் போட்டிருந்தபடி தண்ணீர், போட்டிருந்தபடி நேரம். வாயில் வைத்தேன். பசை. சுவரொட்டி ஒட்டலாம் போலிருந்தது. தீ கூடிவிட்டதோ என்று கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் பசைதான்.

அப்போது சரோஜா தொலைபேசியில் கூப்பிட்டாள். “குளிச்சிட்டீங்களா? மறக்காம விளக்கேத்திடுங்க.”

சாமி அலமாரியில் நெய்யைத் தேடினேன். இல்லை. விளக்கில் மிச்சமிருந்ததைத் தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய். பக்கத்திலேயே நல்லெண்ணெய்ப் புட்டி, பாதி காலியாக. ஊற்றி விளக்கை ஏற்றினேன். கும்பிடக் கையெடுத்தவன் அப்படியே அடுக்களையைத் திரும்பிப் பார்த்தேன்.

நெய் டின் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே ஒரு கரண்டி. போன வாரம்தான் நான் சுமந்து வந்தது. அதற்குள் அடி தெரிந்தது. அதன் பின்னால் தேங்காய்ப்பால் பொட்டலங்கள். ஒரு டப்பாவில் நைசாகப் பொடித்த முந்திரி.

தேக்காவிலிருந்து தோ பாயோ வரை வேர்த்து விறுவிறுத்து என் தோளிலேயே தூக்கி வந்த அத்தனை நெய்யும் என் வயிற்றில்தான் இருந்தது! விளக்குக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. சாமியை வேறு சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஓட முடியாத இடத்தில்

அன்று நான் போனபோது அவளை டயாலிசிஸ் இயந்திரத்தில் சேர்த்திருந்தார்கள். பேச்சை மாற்றிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட அவளுக்கு இனி வழியில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“விளக்கேத்தினீங்களா?”

“ஏத்தினேன். நல்லெண்ணெயில.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் வாங்கிட்டு வந்த நெய் எல்லாம் எங்க போச்சு, சரோ?”

“எங்க போகும்? உங்களுக்குத்தான் போட்டேன்.”

“ஓட்ஸ்லயா?”

“ஓட்ஸ்ல, சப்பாத்தியில, கீரையில. எல்லாத்துலயும்தான்.”

“ஏன்?” நான் கத்தியே விட்டேன். தாதி திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

“நீங்க இளைச்சா அறுத்துருவாங்க.” குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அதில் தயக்கமே இல்லை. “ஒரு வீட்டுல ஒரு நோயாளி போதும். உங்களுக்கு அந்த மேசையில ஏதாவது ஆச்சுன்னா, நான் உங்க கிட்னியை வயித்துல வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணுவேன்?”

“வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“எத்தனை தடவை சொன்னேன்? சும்மா இருன்னீங்க. யாழினி அழுதா. மிஸ் டான் கேட்டப்பகூட, நான் பதில் சொல்றதுக்குள்ள நீங்க பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டுறீங்க. சண்டை போட்டா நீங்க கேக்க மாட்டீங்க. தட்டுல போட்டா சாப்பிடுவீங்க.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“நெய்யை விடு. நான் என்ன நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமா? பொண்டாட்டி உயிருக்காகக்கூட ஒரு வயித்தைக் குறைக்கத் துப்பில்லாதவன்னு என்னையே நான் திட்டிட்டு இருந்தேன். கோயில்ல நின்னு, எனக்கு மன உறுதியக் குடுன்னு கேட்டிருக்கேன், சரோ. கண்ணாடியப் பார்க்கவே வெக்கமா இருந்துச்சு.”

அவள் முகம் மாறிவிட்டது. “அத நான் நினைக்கலைங்க” என்றாள். கழுத்துக் குழாய் அசையாமல், தலையைத் திருப்பாமல், அப்படியே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்ததால் எழுந்து நின்றேன்.

“உனக்கு வேண்டாம்னா வேண்டாம். மிஸ் டான்கிட்ட நீயே சொல்லிக்க. ஆனா இனிமே என் சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன்.”

கோபத்தின் நடை

மறுநாள் காலை நான் நடக்கப் போக வேண்டிய அவசியமே இல்லை. கொடுக்கப்போகிற சிறுநீரகம் இல்லை, எட்ட வேண்டிய இலக்கும் இல்லை. ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை. கோபத்தில் கிளம்பி, கோபத்தில் நடந்து, கோபத்தோடு திரும்பினேன். இத்தனை மாதம் என் மனதில்தான் கோளாறு என்று என்னை நம்பவைத்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு நடந்ததில் வேகம் கூடியது. புதுக்காலணி இளைஞரைத் திட்டுவதற்காகவே பாலஸ்டியர் சாலை முழுவதையும் ஒதுக்கியிருந்தேன்.

கோயிலில் பொங்கலை இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கிள்ளு வாயில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஊருக்குப் பணம் அனுப்பக் கிளம்பிய அவசரத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தாராம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இவ்வளவு சுலபமான வழி எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று அதற்கும் எரிச்சல் வந்தது.

சரோஜா வீடு திரும்பிய பிறகு எங்கள் அடுக்களை இரண்டு குடித்தனமாயிற்று. ஓர் அடுப்பில் அவளுக்கான காய். மறு அடுப்பில் என் பசைக் கஞ்சி. அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நான் அடிப்பிடிக்கவிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கரண்டியைப் பிடுங்க அவள் கை பரபரப்பது எனக்குத் தெரியும். நான் கொடுக்கவில்லை.

கால்சட்டை தளர்ந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. யாழினி பூரித்துப் போனாள். “பார்த்தீங்களாப்பா, மைண்ட்செட்!” நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

கோபம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மெல்ல அது வடிந்துபோயிற்று. கால்கள் மட்டும் பழகிவிட்டிருந்தன. கோபம் இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. ஒரு காலை வழக்கம்போலச் சரோஜா கையை நீட்டினாள். விரல் வைத்தேன். ரீங்காரம் இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

“உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டாள். “என்னை விடுங்க. அறுக்கப்போறது உங்களை.”

“இருக்கு. ரொம்ப இருக்கு. மருத்துவமனை வாடை பட்டாலே வெளிய ஓடிடலாம்னு தோணுது.”

“பின்ன ஏன் அடம் பிடிச்சீங்க?”

“அன்னிக்கு இங்க விரல் வெச்சேன், ஒண்ணுமே இல்ல. அந்தப் பயத்துக்கு முன்னாடி இது ஒரு பயமே இல்ல, சரோ. இன்னொரு காலையில அப்படி விரல் வைக்க என்னால முடியாது.”

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோப்பி ஆறிப்போயிற்று.

மறுபடியும் அந்தக் கருவி

மிஸ் டானிடமிருந்து அடுத்த அழைப்பு வந்தபோது, வேண்டாம் என்று சரோஜா இன்னும் சொல்லியிருக்கவில்லை என்பது தெரிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. போனோம். இந்த முறை நான் காலணியைத் தவிர எதையும் கழற்றவில்லை. சாவிக்கொத்தோடும் பர்ஸோடும் ஏறி நின்றேன். கண்ணாடி இருந்ததால் எண் நன்றாகவே தெரிந்தது.

“வாவ், அங்கிள்! வெரி குட்!” என்றார் மிஸ் டான். “ஸ்டில் கொஞ்சம் இருக்கு. ஆனா வெரி நியர் லா.”

சரோஜா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பூனைக் கதையெல்லாம் வரவில்லை.

பிறகு மிஸ் டான் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். தானம் பெறுகிறவருக்கு மனப்பூர்வமான சம்மதம் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டுமாம். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்ட இம்முறை எனக்கு இடமில்லை. சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படங்களையெல்லாம் பார்த்து முடித்தேன். தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் எழுதியிருந்ததை எல்லாம் வெறித்தேன். கதவு திறக்கவில்லை. இந்த மனிதர்களுக்கு ஒரு கேள்வி கேட்க இவ்வளவு நேரமா என்று எரிச்சலாக வந்தது. கதவருகே போய் நின்றுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

“என்ன சொன்னே?”

“வாங்க, பஸ் போயிடும்.”

பேருந்து சிராங்கூன் சாலை வழியாக வந்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்து பூக்கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. குத்திக்காட்டினாலாவது வாயைத் திறப்பாள் என்று, “தேக்காவுல இறங்கவா? நெய் தீர்ந்திருக்குமே, விளக்குக்கு?” என்றேன்.

“வேணாம்” என்றாள். தோ பாயோ வரும் வரை அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை நான் நடந்துவிட்டு வந்தபோது என் பாத்திரம் அடுப்பில் இருந்தது. அவள் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் குப்பென்று கோபம் ஏறியது. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளா என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் கிண்ணத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

பழுப்பாக, கெட்டியாக, பளபளப்பே இல்லாமல் இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். நெய் இல்லை, பால் இல்லை, முந்திரி இல்லை. உப்புக்கூட இல்லை. வெறும் தண்ணீரில் வெந்த பசை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

“எப்படி இருக்கு?”

“வாயில வைக்க விளங்கல.”

“அப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் குறையணும்னு மிஸ் டான் சொன்னாங்கல்ல? சாப்பிடுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் நான் சாப்பிட்டதிலேயே மோசமான சாப்பாடு அதுதான். கண்ணில் நீர் வழிய, கிண்ணத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

“இன்னும் ஒரு கரண்டி போடேன்” என்றேன்.

“கிடையாது” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.